ரத்தப் பரிசோதனையில் குடல் புற்றுநோய் தெரியுமா? இளம் வயதினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கூடிவருகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து ஒரே கேள்வி பல விதமாக வருகிறது: ரத்தம் எடுத்துப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ள முடியாதா? 2024 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இதற்கென்றே 'ஷீல்ட்' என்ற ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்த பிறகு கேட்பவர்கள் இன்னும் அதிகம். நியாயமான கேள்விதான். ஆனால் பதில், கேட்பவரின் வயதைப் பொறுத்தும் அவருக்கு அறிகுறி இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அடியோடு மாறிவிடும். அது தெரியாமல், மலத்தில் ரத்தம் போகிற முப்பது வயதுக்காரர் ஒருவர் 'பிளட் டெஸ்ட் நார்மல்' என்று நிம்மதியாக வீட்டில் இருந்துவிடக் கூடாது. அந்தக் கவலையில்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

இளம் வயதில் இந்த நோய் நிஜமாகவே கூடியிருக்கிறதா? இல்லை, இப்போது அதிகம் பரிசோதிப்பதால் அப்படித் தெரிகிறதா?

நிஜமாகவே கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 1995-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 55 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 11 சதவீதம். 2019-ல் அது 20 சதவீதம். அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியின் 2024 அறிக்கைப்படி, 50 வயதுக்குக் குறைந்த ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் முதலிடம் இதற்குத்தான், பெண்களில் இரண்டாமிடம். 1990-களின் கடைசியில் இரு பாலரிலும் நான்காவது இடத்தில் இருந்த நோய் இது. பரிசோதனை பெருகியதால் மட்டும் எண்ணிக்கை ஏறியிருந்தால் இறப்பும் சேர்ந்து ஏறியிருக்காது.

1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களை, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டு 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய்க்கு நான்கு மடங்கு என்றது அது. 'பிளாக் பேந்தர்' படத்தில் நடித்த சாட்விக் போஸ்மேனுக்கு 2016-ல் நோய் தெரிந்தபோதே மூன்றாவது ஸ்டேஜ். 2020 ஆகஸ்டில், 43 வயதில் இறந்தார். உலகம் முழுக்கப் பலர் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக யோசித்தது அன்றைக்குத்தான்.

அதற்காகப் பதற வேண்டாம். மடங்கு கூடினாலும் முப்பதுகளில் இது இன்னும் அரிதான நோய்தான். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பதில்கள் எளிதாகப் புரியும்.

இந்தியாவில்?

மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் மக்கள்தொகைக்கு இந்த நோய் இங்கே குறைவு. ஆனால் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் வயதும் குறைவாக இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 800 நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியிட்ட கணக்கில் சராசரி வயது ஏறத்தாழ 47. அமெரிக்காவில் நோய் தெரியவரும் நடு வயது 65-ஐத் தாண்டியது. நம் மக்கள்தொகையே இளமையானது, பெரிய மருத்துவமனைக்குத் தேடி வருகிறவர்களும் ஒரு தனிக் கூட்டம். அதனால் இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இருந்தாலும், 'வயதானவர்களுக்கு வருவது' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

இன்னொன்று: நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் எல்லோருக்கும் செய்யச் சொல்லும் புற்றுநோய்ப் பரிசோதனைகள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்குத்தான். குடலுக்குக் கிடையாது. யாரும் கூப்பிட்டு உங்களைப் பரிசோதிக்கப் போவதில்லை.

ஏன் கூடுகிறது?

ஒரே காரணம் என்று யாராலும் கைகாட்ட முடியவில்லை. உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, மது, பதப்படுத்திய இறைச்சி, நார்ச்சத்து குறைந்த சாப்பாடு என்று பட்டியல் உண்டு. ஆனால் ஒல்லியாக, ஓடியாடி இருக்கிறவர்களுக்கும் வருகிறது. 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கவனிக்க வேண்டியது: 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளின் மரபணுவைப் பார்த்ததில், சில வகை ஈ.கோலை பாக்டீரியா சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு விட்டுப்போன தடயம், 70 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட 40-க்குக் கீழே நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம் இருந்தது. அந்தத் தடயம் சிறுவயதிலேயே விழுந்திருக்கலாம் என்கிறார்கள். இதை வைத்து இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நோய் வந்தவர், தான் ஏதோ தப்பாகச் சாப்பிட்டதால்தான் வந்தது என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவினால் நல்லது.

ரத்தத்தில் குடல் புற்றுநோய் எப்படித் தெரியும்?

உடம்பில் செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கும். இது எல்லோருக்கும் நடப்பது, 1948-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். புற்றுநோய்ச் செல்லும் இதேபோல் துண்டுகளை விடும். அந்தத் துண்டுகளில் மரபணு மாற்றங்கள் இருக்கும். டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் வேதிக் குறிகளும் இடம் மாறியிருக்கும். புதிய ரத்தப் பரிசோதனைகள் தேடுவது இவற்றைத்தான்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஆரம்ப நிலையில் கட்டி சிறியது. அது விடும் துண்டுகள், நல்ல செல்கள் விட்ட துண்டுகளுக்கு நடுவே கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி. புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய பாலிப் என்னும் சதை வளர்ச்சி விஷயத்தில் இன்னும் கஷ்டம். அது குடலின் உள்பரப்பில்தான் இருக்கிறது, ரத்தக் குழாய்களுக்குள் இன்னும் இறங்கவில்லை. உதிர்கிற செல்கள் மலத்தோடு போய்விடும், ரத்தத்துக்கு வந்து சேர்வது மிகக் கொஞ்சம். ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை எடுக்கும். அந்தப் பத்து ஆண்டுகளில் ரத்தம் பெரும்பாலும் எதையும் சொல்லாது.

'ஷீல்ட்' பரிசோதனை எவ்வளவு நம்பகமானது?

கார்டன்ட் ஹெல்த் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பரிசோதனை இது. இதற்கு முன்பு 2016-லேயே எபி புரோகோலன் என்ற ரத்தப் பரிசோதனைக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் அது வேறு எந்தப் பரிசோதனைக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது, அதிகம் புழங்கவும் இல்லை. ஷீல்டை மற்றப் பரிசோதனைகளைப் போலவே முதல் கட்டமாகச் செய்யலாம் என்று அனுமதித்தார்கள். செய்தியானது அதனால்தான்.

எக்லிப்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2024 மார்ச்சில் வெளிவந்தது. முடிவுக்கு எடுத்துக்கொண்ட 7,861 பேருக்கும் ரத்தப் பரிசோதனை, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி இரண்டுமே செய்திருந்தார்கள். புற்றுநோய் இருந்தவர்கள் 65 பேர். ரத்தப் பரிசோதனை 54 பேரைப் பிடித்தது, அதாவது 83 சதவீதம். முதல் ஸ்டேஜை மட்டும் பார்த்தால் 65 சதவீதம். புற்றுநோய்க்கு முந்தைய பெரிய பாலிப்கள் 1,116 பேருக்கு இருந்தன. அவர்களில் 147 பேரைத்தான் கண்டது, 13 சதவீதம். அப்புறம், குடலில் கவலைப்படும்படி எதுவும் இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று தவறாகச் சொன்னது.

ஃப்ரீநோம் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெரிய ஆய்வு 2025-ல் வந்தது. 27,010 பேர். புற்றுநோயைப் பிடித்தது 79 சதவீதம், பெரிய பாலிப்களை 12.5 சதவீதம். ஆள் மாறினாலும் கதை மாறவில்லை: இருக்கிற புற்றுநோயை ஓரளவு நன்றாகப் பிடிக்கும், வரப்போகிற புற்றுநோயைப் பிடிக்காது. கொலனோஸ்கோபியில் பாலிப்பைக் கண்ட உடனேயே வெட்டி எடுத்துவிடலாம். நோய் வராமலே தடுக்கும் அந்த வேலையை ரத்தப் பரிசோதனையால் செய்ய முடியாது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் 45 வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. ஷீல்டுக்குக் கிடைத்த அனுமதியும் 45 வயது முடிந்த, சராசரி ஆபத்துள்ள, அறிகுறி இல்லாதவர்களுக்கு மட்டுமே. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். விலை ஏறத்தாழ 1,500 டாலர்.

எனக்கு 34 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. பணம் பிரச்சினை இல்லை. ஒரு நிம்மதிக்குச் செய்துகொள்ளக் கூடாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களைப் போல முப்பதுகளில் இருக்கிற, தொந்தரவு எதுவும் இல்லாத 10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிலவரத்தை வைத்தே பார்த்தாலும் இவர்களில் இந்த ஆண்டு குடல் புற்றுநோய் தெரியவருவது ஒருவருக்கோ இருவருக்கோதான். பத்தில் ஒருவருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' சொல்லும் பரிசோதனையை இத்தனை பேருக்கும் செய்தால், நோயே இல்லாத சுமார் 1,000 பேர் பயந்துபோய் கொலனோஸ்கோபிக்கு வரிசையில் நிற்பார்கள். அந்த ஒருவரோ இருவரோ முதல் ஸ்டேஜில் இருந்தால், அவர்களும் தப்பவிடப்படலாம்.

ஐம்பது வயதில் இதே பரிசோதனைக்கு மதிப்பு வேறு. அங்கே நோய் இருப்பவர்கள் அதிகம் என்பதால், 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்குக் கனம் கூடுகிறது. பரிசோதனையின் தரம் ஒன்றுதான். யாருக்குச் செய்கிறோம் என்பதில் பலன் மாறிவிடுகிறது.

அதனால், தொந்தரவும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் 34 வயதில் இது வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி 2018-லும், அந்நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-லும் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-க்கு இறக்கின. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் 45 வயதிலேயே மலப் பரிசோதனைக்கான பெட்டியைக் கேட்டு வாங்கலாம். அந்த 45-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 'கேன்சர் மார்க்கர்' என்று சி.இ.ஏ. பார்த்தார்கள். நார்மல். அப்போ குடல் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம் ஊரில் அதிகம் பேரைத் தவறாக நிம்மதிப்படுத்துகிற எண் இதுதான் என்று நினைக்கிறேன்.

சி.இ.ஏ. என்ற புரதத்தை மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965-ல் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் இதை வைத்தே நோயை முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. நடக்கவில்லை. ஆரம்ப நிலை நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு சி.இ.ஏ. இயல்பாகவே இருக்கும். மறுபக்கம், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு, குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலே கூடும். நோய் உறுதியான பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா, ஆபரேஷனுக்குப் பின் திரும்ப வருகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு இது நல்ல கருவி. ஆரோக்கியமாக இருப்பவருக்கு நோய் தேடுவதற்கு இதைப் பயன்படுத்த எந்தப் பெரிய மருத்துவ அமைப்பும் பரிந்துரைப்பதில்லை.

பேக்கேஜில் வேறு பெயரில் ஏதாவது 'கேன்சர் டெஸ்ட்' இருந்தால் லேபில் மூன்றே விஷயம் கேளுங்கள்: இதை எந்த வயதினரிடம் சோதித்துப் பார்த்தார்கள், முதல் ஸ்டேஜில் எத்தனை சதவீதம் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வந்தது. பதில் வரவில்லை என்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனையால் இளைஞர்களுக்குப் பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் 1,500 டாலர் பரிசோதனையில் இல்லை. எந்தத் தெருமுனை லேபிலும் செய்கிற சாதாரண ரத்த எண்ணிக்கையில் இருக்கிறது. அதைத்தான் நாம் சரியாகப் படிப்பதில்லை.

குடலில் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். மாதக்கணக்கில் கசிந்தால் உடம்பில் இருக்கும் இரும்புச்சத்து தீர்ந்துபோகும். ஒரு 36 வயது ஆணின் மூன்று ஆண்டு ரிப்போர்ட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் முதல் ஆண்டு 14.6. அடுத்த ஆண்டு 13.2. மூன்றாவது ஆண்டு 11.4. இரண்டாவது ரிப்போர்ட்டைத் தனியாகப் பார்த்தால் பக்கத்தில் அம்புக்குறிகூட இருக்காது, 'நார்மல்' வரம்புக்குள்ளேயே இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எண் இறங்கிக்கொண்டே வருவது தெரியும். அதே தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு. அது 80-க்குக் கீழே இறங்கியிருந்தால், இரும்புச்சத்து குறைந்து அணுக்கள் சிறுத்திருக்கலாம். உடம்பில் சேமித்து வைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால் அது உறுதியாகும்.

இங்கேதான் வழக்கமாகத் தப்பு நடக்கிறது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், எண் கொஞ்சம் ஏறும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரும்புச்சத்து எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு வந்தால், வயது எதுவானாலும், வயிறு, குடலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் விடவே கூடாது.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனாலேயே 'பொம்பளைங்களுக்கு இது சகஜம்தானே' என்று போய்விடுகிறது. மாதவிடாய், சாப்பாடு, கொக்கிப்புழு என்று காரணங்கள் பல இருக்கலாம், பெரும்பாலும் அவைதான். ஆனால் மாதவிடாய்ப் போக்கு அதிகம் இல்லாத ஒருவருக்கு, அல்லது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாத ஒருவருக்கு, கூடவே வயிற்றுவலியோ மலம் கழிப்பதில் மாற்றமோ இருந்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

சரி, ஹீமோகுளோபின் நன்றாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகுமா? ஆகாது. இது துப்பு மட்டும்தான்.

மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம்தானே?

பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் நிறைய.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். முதலில் 'உடம்புச் சூடு' என்று மோரும் எண்ணெய்க் குளியலும். அப்புறம் துத்தி இலை, கருணைக்கிழங்கு. அப்புறம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்கும் இடம். நடுவில் ரத்தம் சில வாரம் நிற்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும். கட்டியிலிருந்து வருகிற ரத்தமும் அப்படி விட்டுவிட்டுத்தான் வரும். துத்தி இலை சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் சாப்பிடுவதுதான் பயமாக இருக்கிறது.

வலியே இல்லாமல் கடைசியில் சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்ற சிவப்பில் விழுந்தால் மூலமாக இருக்கலாம். போகும்போது கத்தியால் கீறியது போல் வலித்தால் வெடிப்பாக இருக்கலாம். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், கருஞ்சிவப்பாகவோ சளியோடோ வந்தால், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போலவே இருந்தால், வழக்கத்தைவிட மலம் மெலிந்து வந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பிரிப்பும் நூற்றுக்கு நூறு சரியாக வராது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் மருத்துவப் பள்ளி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இளம் வயது நோயாளிகளிடம் நோய் தெரிவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பே தலைகாட்டிய நான்கு அறிகுறிகளைச் சொன்னது: வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தவர்களுக்கு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு இருந்தால் மூன்றரை மடங்கு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஆறரை மடங்கு. 2024-ல் 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகியிருந்தது.

இளையவர்களின் கட்டிகள் மலக்குடலிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும்தான் அதிகம். மலக்குடலில் தாழ்வாக இருக்கும் கட்டியை டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்த்தாலே தட்டுப்படலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது, செலவு கிடையாது. வெட்கத்தால் நோயாளி கேட்பதில்லை, அவசரத்தில் டாக்டரும் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். வெறும் வாய்ப்பேச்சில் 'பைல்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால், 'ஒருதரம் பார்த்துடுங்க டாக்டர்' என்று கேட்பதில் தப்பே இல்லை.

எங்கள் அப்பாவுக்கு 46 வயதில் குடல் புற்றுநோய் வந்தது. நான் எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் 'சராசரி ஆபத்து' வரிசையில் இல்லை, ஷீல்ட் மாதிரியான பரிசோதனைகளும் உங்களுக்கானவை இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். உங்கள் அப்பா கணக்கில் 36.

உங்களுக்குப் பொருத்தமான ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது பரம்பரை மரபணுப் பரிசோதனை. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் 20-25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். ஏ.பி.சி. என்ற மரபணுவில் பிழை இருந்தால் பதின்ம வயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும். 50 வயதுக்கு முன் நோய் வந்த 450 பேரை அமெரிக்காவில் பரிசோதித்தபோது 16 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு பரம்பரை மரபணுக் கோளாறு இருந்தது. முடிந்தால் முதலில் நோய் வந்தவருக்கே பரிசோதிப்பது நல்லது. அவரிடம் பிழை எங்கே என்று தெரிந்தால் மற்றவர்களிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்.

நம் குடும்பங்களில் இதற்குத் தடை மௌனம்தான். 'வயித்துல கட்டி', 'குடல்ல புண்ணு' என்று சொல்லி மூடிவிடுவார்கள். கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பயம். பழைய பயாப்ஸி ரிப்போர்ட் பீரோவில் கிடக்கிறதா என்று அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரும் வந்த வயதும் தெரிந்தாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

ரத்தத்தைவிட மலப் பரிசோதனை மேலா?

அறிகுறி இல்லாமல் 45 தாண்டியவர்களுக்கு, விலைக்கும் பலனுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஃபிட் என்ற மலப் பரிசோதனை நல்ல தேர்வு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 2014-ல் வந்த பெரிய ஆய்வில் ஃபிட் 74 சதவீதப் புற்றுநோய்களையும் 24 சதவீதப் பெரிய பாலிப்களையும் பிடித்தது. அதே ஆய்வில் மலத்தில் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்க்கும் கொலோகார்ட் 92 சதவீதமும் 42 சதவீதமும் பிடித்தது. பாலிப் விஷயத்தில் சாதாரண ஃபிட்டே ரத்தப் பரிசோதனையைவிட முன்னால் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கொலனோஸ்கோபி என்றாலே பயமாக இருக்கிறது.

கஷ்டமான பகுதி முந்தின நாள்தான். வயிறு சுத்தமாவதற்கான பொடியைப் பெரும்பாலும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குளிர வைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். அன்றைக்கு இளநீர், வடிகட்டிய சூப், பால் விடாத டீ மாதிரி தெளிந்தவை மட்டும். பாலும் மோரும் கூடாது, சிவப்பு நிற ஜூஸும் கூடாது. கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருந்தால் குடல் தயார். இதில் அசட்டையாக இருந்தால் சின்ன பாலிப்கள் மறைந்துவிடும், எல்லாமே வீண்.

மறுநாள் மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்வார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து பத்தாயிரத்தில் சுமார் மூன்று பேருக்கு உண்டு. அறிகுறி இருக்கிற ஒருவருக்கு அந்த ஆபத்தைவிட, பார்க்காமல் விடுவதன் ஆபத்து பல மடங்கு.

ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்துவிட்டது. இன்னொரு லேபில் திரும்பச் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். பாசிட்டிவ் என்றால் அடுத்த படி கொலனோஸ்கோபி, அவ்வளவுதான். இரண்டாவது தடவை நெகட்டிவ் வந்தாலும் முதல் முடிவு ரத்தாகிவிடாது. கொலனோஸ்கோபி வேண்டாம் என்றுதான் ரத்தப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தேன் என்று சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றால் செய்ததற்கே அர்த்தமில்லை.

இளையவர்களுக்கென்றே தனி ரத்தப் பரிசோதனை வருமா?

முயற்சி நடக்கிறது. கலிஃபோர்னியாவில் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் அஜய் கோயல் தலைமையிலான குழு, ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய மரபணு மூலக்கூறுகள் நான்கின் அளவை வைத்து 50 வயதுக்குக் கீழான நோயாளிகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்று வெளியிட்டது. நம்பிக்கை தருகிற வேலை. ஆனால் அது ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களின் ரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டது, அதுவும் சில நூறு பேரிடம். தெருவில் நடமாடுகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களிடம் நோயைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பெரிய சோதனை.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் இந்த டிஎன்ஏ பரிசோதனை செய்கிறார்களே?

இந்தத் தொழில்நுட்பம் இன்றைக்கு நன்றாக உதவுகிற இடம் அதுதான் என்பேன். கட்டியை எடுத்த பிறகும் அதன் டிஎன்ஏ ரத்தத்தில் சுற்றினால், எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஆஸ்திரேலியாவில் இரண்டாவது ஸ்டேஜ் நோயாளிகள் 455 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இந்தப் பரிசோதனையை வைத்து யாருக்குக் கீமோ என்று முடிவு செய்தபோது, கீமோ எடுத்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்பாமல் இருந்தவர்களின் அளவு குறையவில்லை. இளம் நோயாளிக்குத் தேவையில்லாத கீமோவைத் தவிர்ப்பது சாதாரண விஷயமில்லை.

எனக்கு அறிகுறி இருக்கிறது. டாக்டர் 'சின்ன வயசுதானே' என்கிறார். என்ன சொல்லிக் கேட்பது?

பயத்தைச் சொல்வதைவிட விவரத்தைச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை முறை, ரத்தம் எந்த நிறம், எடை எவ்வளவு இறங்கியது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய ரத்த ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ரத்தம் எங்கேயிருந்து வருதுன்னு உறுதியாத் தெரியணும் டாக்டர், கொலனோஸ்கோபியோ சிக்மாய்டோஸ்கோபியோ தேவைப்படுமா?' என்று நேராகக் கேளுங்கள் (சிக்மாய்டோஸ்கோபி என்பது குடலின் கடைசிப் பகுதியை மட்டும் கேமராக் குழாயால் பார்ப்பது). ஃபிட், ஃபெரிட்டின் இரண்டையும் எழுதித் தரச் சொல்லலாம், ஆனால் அவை நார்மல் என்பதற்காகத் தொடர்கிற ரத்தப்போக்கை விட்டுவிடக் கூடாது. மருந்து கொடுத்து 'ரெண்டு வாரம் பார்ப்போம்' என்றால் சரி, பார்க்கலாம். அந்த இரண்டு வாரம் முடிகிற தேதிக்கு அப்போதே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அன்றைக்கும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது குடல்நோய் நிபுணரை.